கிளை நறுக்கும் இயந்திரம்: குதிரைவலுவுக்கு முன் கத்தியைப் பாருங்கள்

மாத்தளையில் மிளகுக்கொடி படர்வது பெரும்பாலும் கிளிசரியா மரங்களில்தான். நிழல் கூடிவிடாமல் இருக்க அவற்றின் கிளைகளை ஆண்டில் சில தடவைகள் வெட்டியாக வேண்டும். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்தது இந்த மரத்தைத்தான். விறகை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்பது கணக்கு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது அதே கிளைகள் கூட்டெருவுக்குத் தேவைப்பட்டன. தடை நவம்பரில் நீங்கினாலும், கிளைகளை நறுக்கும் வேலை நீங்கவில்லை.

இயந்திரம் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை குதிரைவலு என்று. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இஞ்சினைத் திருத்த ஊரில் ஆள் உண்டு. ஆயுளைத் தீர்மானிப்பவை சுழலும் கத்தி, அதற்கு எதிரே அசையாமல் நிற்கும் நிலைக்கத்தி, சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங்.

நல்ல கத்தி குரோமியம் கூடிய உருக்கால் ஆனது. கடினத்தை அளக்கும் றொக்வெல் அளவில் 56 முதல் 60 வரை இருக்கும். லொறியின் வில்லுத்தகட்டைப் பட்டறையில் வெட்டிச் செய்தது ஏறக்குறைய 45தான். சீக்கிரம் மழுங்கும். ஆனால் ஆணி பட்டால் எளிதில் உடையாது.

வடக்கில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலியில் நின்ற கிளிசரியாவுக்குள் பழைய முட்கம்பி புதைந்திருக்கும். ஷெல் விழுந்த காணிகளில் இரும்புச் சிதறலும் இருக்கலாம். மரம் காயத்தை மூடி வளர்ந்துவிடுவதால் வெளியே தெரியாது. கடினமான கத்தி அதில் பட்டால் துண்டாகித் தெறிக்கும். அத்தகைய அடிமரத்தை விட்டுவிட்டு, பிறகு துளிர்த்த இளங்கிளைகளை மட்டும் நறுக்குங்கள்.

இரு கத்திகளுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் போதும். கூடினால் பச்சைப் பட்டை நறுங்காமல் நாராகி உருளையைச் சுற்றும். தீட்டும்போது விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். சோடிக் கத்திகளில் ஒன்றை மட்டும் தீட்டினால் நிறை வேறுபட்டு இயந்திரம் அதிரும். அதிர்வில் முதலில் போவது பெயாரிங். கத்தியைப் பிடிக்கும் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்கும். கழன்றுவிட்டால் எண்ணில்லாத சாதாரண போல்ட்டைப் பூட்டிச் சமாளிக்காதீர்கள்.

வாங்குமுன் பச்சைக் கிளை கொண்டுபோய் அரை மணிநேரம் ஓட்டிப் பாருங்கள். இஞ்சினை நிறுத்தி, உருளை முழுதாக நின்றபின் பெயாரிங் கூட்டைத் தொடுங்கள். கைவைக்க முடியாத சூடு என்றால் வேறு கடை பார்க்கலாம். மாற்றுக் கத்தி ஒரு சோடி கடையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.