தூண்டில் பூச்சி கட்ட எந்தப் பட்டு நூல்?



கைவேலை தெரிந்த குழுக்கள் பல, புதுத் தொழில் என்ன செய்யலாம்னு கேட்கிறார்கள். அதற்காக இந்த இதழில் ஒரு சின்ன வேலையைப் பற்றிச் சொல்கிறோம்.

மண்புழுவுக்குப் பதிலாக இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்த தூண்டில் முள்ளை வைத்து டிரவுட் மீன் பிடிப்பது வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் இது பல நூறு வருஷப் பழக்கம். ஆங்கிலேயர் காலத்தில் நம்ம நீலகிரிக்கும் வந்தது. இந்தப் பூச்சியைக் கையால்தான் கட்ட வேண்டும். கென்யா, இலங்கை போன்ற நாடுகளில் பெண்கள் கட்டி ஏற்றுமதி ஆகிறது.

இதில் இறகை விட நூல்தான் முக்கியம். நூல் அறுந்தால் பூச்சியே பிரிந்துவிடும், வாங்கியவர் மறுபடி வர மாட்டார்.

பட்டு ஏன்?

இப்போது நைலான், பாலியஸ்டர் நூல்கள்தான் அதிகம். ஆனாலும் பழைய முறைப் பூச்சிகளுக்குப் பட்டையே கேட்கிறார்கள். காரணம் நிறம். பட்டு நனைந்தால் நிறம் அடர்ந்து, உள்ளே இருக்கும் முள்ளின் கருமை லேசாகத் தெரியும். அது நிஜப் பூச்சியின் உடம்பு மாதிரியே இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. அசல் பட்டுதானா? வளையல் சுற்ற ‘சில்க் த்ரெட்’ என்று கடையில் தருவது பெரும்பாலும் ரேயான். பளபளப்பாக இருக்கும், ஆனால் நனைந்தால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். தண்ணீரிலேயே கிடக்கும் பொருளுக்கு அது ஆகாது. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகிய வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரிந்த வாசனை வந்தால் ரேயான். உருகிக் கெட்டியாக உருண்டால் பாலியஸ்டர்.

2. பருமன். பட்டுத் தையல் நூலில் எண் கூடக் கூட நூல் மெலிசு. முள்ளிலும் அப்படியே, எண் கூடினால் முள் சிறிசு. 12 முதல் 16 எண் முள்ளுக்கு 100 எண் நூல் பொருந்தும். 50 எண் நூல் பெரிய முள்ளுக்குத்தான். சின்ன முள்ளில் சுற்றினால் தலை குண்டாகிவிடும்.

3. பிசிறு. நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிசிறு இல்லாமல் வழவழன்னு இருக்கணும். கழிவுப் பட்டிலிருந்து நூற்றதில் பிசிறு நிற்கும்.

4. சாயம். ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம்.

5. நனைந்த நிறம். கண்டில் பார்த்த நிறத்தை நம்பாதீர்கள். முள்ளில் நாலு சுற்று சுற்றி, நனைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கட்டும்போது

நூலில் தேன்மெழுகு தடவினால் வழுக்காது, முள்ளில் பிடித்து நிற்கும். கருத்த மெழுகு தடவினால் மஞ்சள் நூல் பாசி நிறமாக மாறும். சிலர் அதையே விரும்பிக் கேட்பார்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நூலை முறுக்குக்கு எதிராகச் சுழற்றினால் தட்டையாகப் படியும். வேலை செய்து சொரசொரத்த விரலில் பட்டு மாட்டி இழுபடும். கையைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் உட்காருங்கள். மீதி நூலை வெயில் படாத டப்பாவில் வையுங்கள். வெயிலில் பட்டு நைந்து போகும்.

இறகில் கவனம்

கோழி இறகு போதும். காட்டுப் பறவைகளின் இறகைத் தொட வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை

வாங்குபவர் யார் என்று தெரியாமல் குழுக்கடன் எடுத்து நூலை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு கண்டு வாங்கி, பத்துப் பூச்சி கட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து இழுத்துப் பாருங்கள். பிரியாமல் நின்றால் அந்த மாதிரியைக் காட்டி ஆர்டர் கேளுங்கள். ஆர்டர் கைக்கு வந்த பிறகு, குழுக் கூட்டத்தில் கணக்குப் போட்டு, தீர்மானம் எழுதி, அப்புறம் கடன் எடுக்கலாம்.