ஒரே ஆறு, ரெண்டு கரை... ரெட் ஒயின் ருசி மட்டும் மாறுவது ஏன்? போர்டோ மண்ணின் ரகசியம்!

பிரான்ஸில் ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தால், லேபிளில் பெரும்பாலும் திராட்சை ரகத்தின் பெயர் இருக்காது. ஊர் பெயர்தான் இருக்கும். 'என்ன திராட்சை' என்பதைவிட 'எந்த ஊர் திராட்சை' என்பதுதான் அங்கே கணக்கு. அப்படி ஊர் பெயராலேயே உலகம் முழுக்கத் தெரிந்த இடம், தென்மேற்கு பிரான்ஸில் இருக்கும் போர்டோ. அந்தப் பெயருக்கே இப்போ சோதனை வந்திருக்கு. என்ன நடக்குது அங்கே?

சிவப்பு எங்கிருந்து வருது?

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால், பெரும்பாலான ரகங்களில் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் வரும். நிறம் இருப்பது தோலில். அதனால்தான் ரெட் ஒயினுக்குச் சாறைத் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். நாக்கைப் பிடிக்கிற அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானினும் தோலிலும் விதையிலும் இருந்துதான் வருது. தோலின் தடிமன், பழம் பழுத்த பக்குவம் இரண்டையும் பொறுத்து ஒயினின் குணம் மாறும். ரகத்தோடு மண்ணும் வானிலையும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன.

இடது கரையா, வலது கரையா?

கரோன், டோர்டோன் என்ற இரண்டு ஆறுகள் போர்டோ நகருக்கு வடக்கே ஒன்றுசேர்ந்து, ஜிரோந்த் கழிமுகமாக அட்லாண்டிக் கடலில் கலக்கின்றன.

இடது கரையில் மெடாக். ஒரு காலத்தில் இங்கே சதுப்பு நிலம் அதிகம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வந்து நீரை வடித்தார்கள். இங்குள்ள நல்ல தோட்டங்கள் சரளைக்கல் மேடுகளில் இருக்கின்றன. மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். பகல் வெயிலை உள்வாங்கும் கற்கள், இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தரும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சாவின்யோன் ரகத்துக்கு இந்தச் சூடுதான் தேவை. அதன் பழம் சின்னது, தோல் தடிமன். அதனால் ஒயினில் அடர் நிறம், அழுத்தமான துவர்ப்பு. நல்ல ஒயின்கள் பல வருஷம் தாங்கும்.

வலது கரையில் செயின்ட் எமிலியோன், பொமெரோல். இங்கே களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் அதிகம். களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெதுவாகத்தான் சூடாகும். கேபர்னே சாவின்யோன் இங்கே பழுக்கத் திணறும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்கோ இதுதான் தோதான இடம். ஒயினும் மென்மையாக, பழ ருசி தூக்கலாக இருக்கும்.

ரெண்டையும் கலப்பது ஏன்?

ருசிக்காக மட்டும் இல்லை. அது விவசாயிக்கு ஒரு காப்பீடு மாதிரி. பூக்கும் நேரத்தில் மழை பெய்தால் மெர்லோ அடிவாங்கும். அறுவடைக் கடைசியில் மழை வந்தால் கேபர்னே மாட்டிக்கொள்ளும். ரெண்டும் இருந்தால் ஒன்றாவது கைகொடுக்கும்.

இப்போ என்ன சிக்கல்?

வெயில் கூடக் கூட பழத்தில் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஆல்கஹால் ஏறும், புளிப்பு இறங்கும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். போர்டோவின் சிவப்பு ரகங்களில் அதிகம் பயிராவதும் அதே மெர்லோதான்!

அதனால் 2021ல் போர்டோ, போர்டோ சுப்பீரியர் ஒயின்களுக்கு 6 புதிய ரகங்கள் அனுமதிக்கப்பட்டன. அதில் 4 சிவப்பு. போர்ச்சுகலின் தூரிகா நாசியோனலும் அதில் ஒன்று. ஆனா நிபந்தனை உண்டு. தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம், அதற்கு மேல் கூடாது.

இன்னொரு பக்கம், ரெட் ஒயின் விற்பனையே பிரான்ஸில் சரிகிறது. 2023ல் கொடிகளைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அறிவிக்கப்பட்டது.

மண் அதேதான், ஆறும் அதேதான். ஆனால் வானிலை மாறி, ரகமும் மாறினால் அந்த ஒயினுக்குப் பழைய ஊர் பெயர் பொருந்துமா? போர்டோ விவசாயிகள் இன்று நடும் கொடி பழம் தரவே சில வருஷம் ஆகும். பதில் தெரிய அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

(மது அருந்துதல் உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)