அடியெடுத்துக் கொடுக்கும் நொதி

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அப்பணியைச் செய்யும் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிகள் எத்துணைத் துல்லியம் வாய்ந்தவையாயினும், ஏற்கெனவே உள்ள இழையின் நுனியில் அடுத்த நியூக்ளியோடைடை, அதாவது டி.என்.ஏ.வின் அடிப்படை அலகை, இணைக்க வல்லவையே அன்றி, புதிய இழை ஒன்றைத் தாமாகத் தொடங்க வல்லவை அல்ல. புலவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பதுபோல் முதல் சில அலகுகளை அமைத்துத் தரும் நொதியே பிரைமேஸ்.

ஈஸ்ட் முதல் மனிதன் வரை, உட்கரு உடைய உயிரிகளில் பிரைமேஸின் இரண்டு துணையலகுகளும் ஆல்ஃபா பாலிமரேஸின் இரண்டு துணையலகுகளும் இணைந்து ஒரே கூட்டமைப்பாக இயங்குகின்றன. பிரைமேஸின் சிறிய துணையலகு வேதிவினையை நடத்த, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்து ஒன்றைத் தாங்கிய பெரிய துணையலகு இழையின் தொடக்கத்துக்கும் நீள வரையறைக்கும் துணைநிற்கிறது. ஏறத்தாழ 8 முதல் 10 அலகுகள் கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு உருவானதும், கூட்டமைப்பை விட்டு வெளியேறாமலேயே அது ஆல்ஃபா பாலிமரேஸிடம் கைமாறுகிறது. அந்நொதி சுமார் 20 டி.என்.ஏ. அலகுகளைச் சேர்த்துவிட்டு விலக, நீண்ட பணியை வேறு பாலிமரேஸ்கள் ஏற்கின்றன.

டி.என்.ஏ.வின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்திருக்க, பாலிமரேஸோ ஒரு திசையில் மட்டுமே படியெடுக்கும் என்பதால், ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றொன்று துண்டு துண்டாகவும் உருவாகின்றன. 1960களில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி, சுனேகோ ஒகசாகி தம்பதியர் கண்டறிந்த இத்துண்டுகள் மனித உயிரணுவில் 150 முதல் 200 அலகு நீளமே உடையவை. ஒவ்வொன்றுக்கும் புதிய தொடக்கம் தேவை என்பதால், ஒரே ஒரு பிரிவுக்குள் பிரைமேஸ் கோடிக்கணக்கான முறை அடியெடுத்துத் தருகிறது.

வியப்புக்குரியது இனிமேல்தான். ஆல்ஃபா பாலிமரேஸுக்குத் தன் பிழையைத் தானே திருத்தும் ஆற்றல் இல்லை. எனினும், அதன்பின் பணியை ஏற்கும் டெல்டா பாலிமரேஸ் முந்தைய துண்டின் தொடக்கப் பகுதியைப் பெயர்த்தெடுக்க, வேறு நொதிகள் அந்த ஆர்.என்.ஏ.வையும் அதையொட்டிய டி.என்.ஏ.வில் ஒரு பகுதியையும் வெட்டி நீக்குகின்றன. எஞ்சும் பிளவை லிகேஸ் என்னும் நொதி ஒட்டுகிறது. பிழை மிகக்கூடிய இடம் எதுவோ, அதையே அகற்றிவிடத்தக்கதாக அமைத்திருப்பது இவ்வேற்பாட்டின் தலையாய சிறப்பு.

குரோமோசோமின் கடைக்கோடியில் மட்டும் இம்முறை முழுமை பெறுவதில்லை. நீக்கப்பட்ட கடைசித் துணுக்கின் இடம் அங்கே வெற்றாகவே நின்றுவிடும். டெலோமரேஸ் நொதி ஓர் இழையை நீட்டிக் கொடுத்தபின் எதிரிழையை நிரப்ப அங்கு அழைத்து வரப்படுவதும் இதே பிரைமேஸ் கூட்டமைப்புதான்.