மெத்தனால் தெளிப்பும் ரோட்டர் பூச்சும்

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரின் இரட்டை ரோட்டர்கள்
அலுமினியம்; எபாக்சியும் கிராஃபைட்டும் கலந்த பூச்சு

எதிரெதிராகச் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் இந்த ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மயிரிழை இடைவெளிதான். அது கூடினால் காற்று பின்னோக்கிக் கசியும். எஞ்சினின் வலு குறையும். அந்த இடைவெளியைக் குறைக்கவே இந்தக் கருநிறப் பூச்சு. ஓடத் தொடங்கியதும் மிகுதியான இடத்தில் அது தானே தேய்ந்து பொருந்திக்கொள்ளும்.

அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அதைத் தணிக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளிப்பார்கள். ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக ஏறக்குறைய 1,100 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ரோட்டர்களுக்கு முன்னால் தெளித்தால் அவையும் குளிரும். ஈரம் இடைவெளியை அடைத்துக் கசிவையும் குறைக்கும்.

ஆனால் மெத்தனால் ஒரு கரைப்பான். சரியாக இறுகாத பூச்சை அது இளக்கி உரித்துவிடலாம். பெரிய துளிகள், வேகமாகச் சுழலும் விளிம்புகளில் மோதி அவற்றைத் தேய்க்கும். ரோட்டரின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள்: பூச்சு போன இடத்தில் வெற்று அலுமினியம் தெரியும். அரிமானம் தொடங்குவது அங்கேதான்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் போர்விமானங்களில் இத்தகைய தெளிப்புக்குப் பயன்பட்ட எம்.டபிள்யூ. 50 கலவையில் பாதி மெத்தனால். அரிமானத்தைத் தடுக்க அதில் 0.5 விழுக்காடு எண்ணெயும் சேர்த்தார்கள்.

மெத்தனாலைத் தாங்கும் பூச்சும் நுண்ணிய தூவலும் இருந்தால்தான் ரோட்டர் நீடித்து உழைக்கும்.