தாமே அணிவகுக்கும் காந்தத் துகள்கள்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சைக்கிள் கடையில் ஒரே அளவுள்ள பால்ரஸ் குண்டுகள் ஐம்பது வாங்கித் தட்டில் போடுங்கள். தட்டைச் சற்றே சாய்த்து மெல்லத் தட்டுங்கள். குண்டுகள் நெருங்கி வந்து வரிசை கட்டும். நடுவிலுள்ள ஒவ்வொரு குண்டையும் சுற்றி ஆறு குண்டுகள் நிற்கும். யாரும் கையால் அடுக்கவில்லை! இனி, சிறியதும் பெரியதுமான குண்டுகளைக் கலந்து போடுங்கள். வரிசை குலைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத காந்தங்களையும் இவ்வாறு அடுக்க முடியுமா?

கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் செய்திகள் காந்தத் திசைகளாகப் பதிவாகின்றன. காந்தத் துகள்கள் சிறியவையாக இருந்தால் அதே இடத்தில் அதிகச் செய்திகள் அடங்கும். ஆனால் ஓர் இடையூறு உண்டு. துகள் மிகவும் சிறுத்துவிட்டால், அறையின் சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். பதிந்த செய்தி அழிந்துபோகும்!

இதற்கு ஒரு வழியை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்து விஞ்ஞானிகள் ஷௌஹெங் சுன், கிறிஸ்டோபர் மர்ரே முதலியோர் வெளியிட்டனர். இரும்பு, பிளாட்டினம் ஆகியவற்றின் சேர்மங்களை ஒரு திரவத்தில் சூடேற்றி, ஏறத்தாழ 4 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளை உண்டாக்கினர். இத்தகைய உருண்டைகளை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 2,50,000 அடங்கும்! அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி ஒலியிக் அமிலம் போன்ற பொருள்கள் மேலுறையாகப் படிந்து காத்தன. நம் வீட்டுக் கடலை எண்ணெயிலும் இருப்பதுதான் இந்த ஒலியிக் அமிலம்.

உருண்டைகள் மிதந்த திரவத்தைத் தட்டையான பரப்பில் இட்டு உலரவிட்டனர். திரவம் ஆவியாக ஆக, ஒரே அளவுள்ள உருண்டைகள் பால்ரஸ் குண்டுகளைப் போலவே தாமாக அணிவகுத்தன. பிறகு 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினர். உருண்டைக்குள் தாறுமாறாகக் கிடந்த இரும்பு, பிளாட்டின அணுக்கள் அடுக்கு மாற்றி அடுக்காக ஒழுங்குபட்டன. அதன்பின் காந்தத் திசை எளிதில் புரளவில்லை.

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. வெப்பம் மிகுந்தால் மேலுறை சிதைந்து உருண்டைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டுகின்றன, அணிவகுப்பு கெடுகிறது. மேலும், ஒவ்வோர் உருண்டையின் காந்த அச்சும் வெவ்வேறு பக்கம் நோக்குகிறது. இன்றைய சில ஹார்டு டிஸ்குகளில் இதே இரும்பு–பிளாட்டினக் கலவை பயன்படுகிறது. ஆனால் அதை வெற்றிடத்தில் படலமாகப் படியவைத்தே செய்கிறார்கள்.

துகள்கள் தாமே வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டன. எல்லாம் ஒரே திசையை நோக்கவும் அவற்றைப் பழக்குவது எப்படி? நாளை விடை காண்பவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம் அல்லவா?