எலும்பு கற்பித்த நாற்காலி



மாற்றல் உத்தரவு கைக்கு வந்தவுடன், வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் முதலில் எழுகின்ற கேள்வி, "எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது?" என்பதே. பாத்திரங்கள் பெட்டிக்குள் அடங்கிவிடும். புத்தகங்களைச் சாக்கில் கட்டிவிடலாம். நாற்காலி மட்டும் எதற்குள்ளும் அடங்குவதில்லை. என் தந்தையார் அமர்ந்து பழகிய தேக்கு நாற்காலி ஒன்று என்னுடன் நாகபுரிக்கும், பிறகு கொல்கத்தாவுக்கும், இப்பொழுது தில்லிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை ஏற்றி இறக்கிய கூலியைக் கூட்டிப் பார்த்தால் புதிய நாற்காலிகள் சிலவற்றை வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொல்வதுண்டு. கடைசிப் பயணத்தில் அதன் பின்கால் ஒன்று முறிந்துவிட்டது.

பழுது பார்க்க வந்த தச்சர் முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இந்தியில் கூறினார்: "மரம் நல்ல மரம்தான், ஐயா. ஆனால் பாரம் வந்து விழுகிற மூட்டில் மரம் போதவில்லை. பாரமே வராத இந்தக் கைப்பிடியில் வேண்டாத அளவுக்கு இருக்கிறது." அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் கூறிய அந்த ஒரு வாக்கியத்தையே அடிப்படையாகக் கொண்டு, நெதர்லாந்து நாட்டுத் தொழிற்கூடம் ஒன்று உலகப் புகழ் பெற்ற நாற்காலியைப் படைத்திருக்கிறது என்பதை நான் பின்னரே அறிந்தேன். அந்த நாற்காலியின் கதையை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாற்காலி என்ற சொல்லுக்கு நான்கு கால்களை உடையது என்பது பொருள். டச்சுக்காரர்களோ இந்த இலக்கணத்தை நெடுங்காலத்திற்கு முன்பே மீறிவிட்டனர். உட்ரெக்ட் நகரில் தந்தையின் தச்சுப் பட்டறையில் தொழில் பழகிய கெரிட் ரீட்வெல்ட் என்பவர், 1918-ஆம் ஆண்டு வாக்கில், நேரான சட்டங்களையும் இரண்டு பலகைகளையும் மட்டுமே கொண்டு ஒரு நாற்காலியை அமைத்தார். பின்னர் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய வண்ணங்கள் பூசப்பட்டு, "சிவப்பு நீல நாற்காலி" என்று அது பெயர் பெற்றது. 1934 வாக்கில் அவரே நான்கு பலகைகளை வளைந்து நெளிந்த கோடு போல் இணைத்துக் கால்களே இல்லாத இருக்கை ஒன்றைச் செய்தார். பொருளாதார மந்தத்தால் மக்கள் வாடிய அதே காலத்தில், சாமான் கட்டும் பெட்டிகளின் மலிவான பலகையைக் கொண்டு, வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளத்தக்க தட்டுமுட்டுச் சாமான்களையும் அவர் வகுத்தளித்தார். ஒரு பக்கம் ஒருவரும் கண்டிராத வடிவம். மறுபக்கம் எல்லோருக்கும் எட்டக்கூடிய பொருள். இவ்விரண்டு நோக்கங்களும் அந்நாட்டின் தச்சுக் கலையில் இன்றுவரை இணைந்தே வருகின்றன.

இந்த மரபில் வந்தவர் யோரிஸ் லார்மன். 1979-இல் பிறந்த இவர், ஐந்தோவன் நகரிலுள்ள வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பயின்று 2003-ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டே அனிதா ஸ்டார் என்பவருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அதற்குப் பட்டறை என்று பெயரிடாமல் "ஆய்வுக்கூடம்" என்றே பெயரிட்டார். தச்சரும், பொறியியல் வல்லுநரும், கணிப்பொறி அறிந்தவரும் அங்கே ஒருங்கே பணியாற்றுகின்றனர்.

மாணவராக இருந்தபொழுதே அவர் செய்த ஒரு பொருள் பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கு வெந்நீர் ஓடும் பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்துவார்கள். அது பெரும்பாலும் தட்டையாகவும் அழகற்றதாகவும் இருக்கும். "அலங்காரம் வீண், பயன் ஒன்றே போதும்" என்பது முந்தைய தலைமுறையின் கொள்கை. லார்மன் இதனைத் திருப்பிக் கேட்டார். வெப்பத்தை வெளிவிடும் பொருளுக்குப் பரப்பு மிகுதியாக இருந்தால், அது காற்றைச் சூடாக்கும் திறனும் மிகும் அன்றோ? அப்படியாயின், கொடியும் சுருளுமாகப் படரும் அலங்கார வடிவமே அதற்கு ஏற்றதாகும். இவ்வாறு எண்ணி, இழை சேர்த்த கான்கிரீட்டினால் பூவேலைப்பாடு போன்ற வெப்பப் பெட்டியை அவர் வார்த்தார். அழகும் பயனும் பகைவர்கள் அல்ல என்பதை ஒரு வீட்டுப் பொருளைக் கொண்டே அவர் நிறுவிக் காட்டினார்.

இனி, எலும்பு நாற்காலிக்கு வருவோம்.

நம் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், உள்ளே கடற்பஞ்சு போன்ற மெல்லிய எலும்புச் சட்டங்கள் வளைவு வளைவாகச் செல்வதைக் காணலாம். 1866-ஆம் ஆண்டு வாக்கில் ஜூரிச் நகரில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூற்று அறிஞர் இவற்றை ஆராய்ந்து வந்தார். அங்கே கார்ல் குல்மான் என்ற பொறியியல் பேராசிரியர் அவற்றைக் கண்டு வியந்தார். பாரந்தூக்கி ஒன்றில் விசை பாயும் வழிகளைக் காட்டத் தாம் வரைகின்ற கோடுகள் எப்படிச் செல்லுமோ, அப்படியே எலும்பிலும் அச்சட்டங்கள் சென்றன. பின்னர் 1892-இல் ஜூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதனை விரித்துரைத்து ஒரு நூல் எழுதினார். எலும்பு மாறாத கல் அன்று. தான் தாங்கும் பாரத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்வது என்பதே அவர் கூறிய உண்மை. நெடுநாள் படுக்கையில் கிடப்பவரின் எலும்பு மெலிவதும், விண்வெளியில் எடையின்றி மிதப்பவரின் எலும்பு தேய்வதும் இதனாலேயாம்.

மரமும் இவ்வாறே தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. காற்று மோதும் கிளையின் அடிப்பகுதியில் அது கூடுதலாக மரத்தைச் சேர்க்கிறது. ஆனால் மரத்திற்குச் சேர்க்க மட்டுமே தெரியும்; சேர்த்ததைக் கழிக்க இயலாது. எலும்போ வேண்டிய இடத்தில் கூட்டவும், வேண்டாத இடத்தில் குறைக்கவும் வல்லது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரைச் சேர்ந்த பேராசிரியர் கிளாஸ் மத்தேக் என்பார், மரமும் எலும்பும் பின்பற்றும் இந்த முறைகளைக் கணிப்பொறி செய்யத்தக்க கணக்குகளாக வகுத்தார். ஓப்பல் மோட்டார் நிறுவனத்தார், வண்டியின் உறுப்புகளை வலிமை குன்றாமல் எடை குறைப்பதற்கு இத்தகைய கணக்கைக் கையாண்டனர். லார்மன் இதனை அறிந்ததும், மோட்டார் வண்டிக்குப் பயன்படும் முறை நாற்காலிக்கு ஏன் பயன்படலாகாது என்று வினவி, அவர்களுடைய துணையை நாடினார்.

முறை இதுதான். முதலில் கணிப்பொறியில் ஒரு கனமான பிண்டத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அமரும் இடம் இது, சாயும் இடம் இது, தரையில் ஊன்றும் இடங்கள் இவை என்று குறித்துவிட்டு, ஒரு மனிதனின் எடையை அதன்மேல் சுமத்துகிறார்கள். எடை எந்தெந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் கணிப்பொறி கண்டறிகிறது. விசை பாயாத பகுதி அகற்றப்படுகிறது. விசை மிகுந்த பகுதி வலுப்படுத்தப்படுகிறது. மறுபடியும் கணக்கு; மறுபடியும் கழித்தல். இவ்வாறு பன்முறை செய்த பிறகு எஞ்சி நிற்பது, அடிமரமும் கிளையுமாகப் பிரிந்து மூட்டுகளில் பருத்து நிற்கும் ஒரு வடிவம். அவ்வடிவத்திற்கு உரிய சுட்டமண் அச்சினை முப்பரிமாண அச்சு முறையில் செய்து, அதில் அலுமினியத்தை உருக்கி வார்த்தார்கள். 2006-ஆம் ஆண்டில் எலும்பு நாற்காலி பிறந்தது. நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதனைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அதே கணக்கை வேறு பொருளுக்குச் செய்தால் வேறு வடிவம் பிறக்கிறது. அலுமினியத்திற்கு மெல்லிய கால்களே போதும். பளிங்குத் தூளும் பிசினும் கலந்து வார்த்த இருக்கைக்கோ பருத்த உறுப்புகள் வேண்டியிருந்தன. வடிவத்தைக் கலைஞர் முன்கூட்டியே தீர்மானித்துப் பொருளின்மேல் திணிப்பதில்லை. பொருளும் பாரமும் கூடிப் பேசி வடிவத்தைத் தீர்மானிக்கின்றன எனலாம்.

நேயர்களில் சிலர் இப்பொழுது ஒரு நியாயமான வினாவை எழுப்பக்கூடும். எலும்பு நாற்காலிகள் பன்னிரண்டே வார்க்கப்பட்டன. அருங்காட்சியகங்களும் பெருஞ்செல்வர்களும் மட்டுமே வாங்கத்தக்க பொருளால், பாய் விரித்து அமரும் பாமரனுக்கு என்ன பயன்?

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு இவ்வினா ஒரு சொல்லின் வடிவில் எதிர்ப்பட்டது. ஆங்கிலத்தில் புரோட்டோடைப் என்று வழங்குவதை நாம் "முன்மாதிரி" என்கிறோம். ஒழுக்கத்தில் சிறந்து பிறர் பின்பற்றத்தக்கவராய் விளங்குபவரையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். முதலில் இது எனக்குக் குழப்பமாகத் தோன்றியது. பின்னர் பொருத்தமாகவே தோன்றியது. ஒரே ஒரு பொருளாக இருப்பதனால் மட்டும் ஒன்று முன்மாதிரி ஆகிவிடாது. அது வெறும் அரும்பொருள். பேழைக்குள் பூட்டி வைக்கத்தக்கது. பின்னால் வருவோர்க்கு வழி காட்டும்பொழுதே அது முன்மாதிரி ஆகிறது. ஆகவே, லார்மனின் நாற்காலியைப் பன்னிரண்டு பேர் பெற்றனர் என்பதைவிட, அதிலிருந்து பின்னர் என்ன விளைந்தது என்று கேட்பதே முறையாகும்.

விளைந்தவற்றுள் இரண்டைக் கூறுகிறேன். 2014-ஆம் ஆண்டில் இந்த ஆய்வுக்கூடம், சிறு சிறு துண்டுகளைப் புதிர்ப் பலகை போல் ஒன்றோடொன்று பொருத்திச் செய்யும் நாற்காலிகளை வெளியிட்டது. அத்தகைய நாற்காலியின் வரைபடத்தை, விரும்புவோர் எவரும் எடுத்துத் தம் ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்று பொதுவிலும் வைத்தது. கப்பலில் நாற்காலி செல்ல வேண்டியதில்லை. வரைபடம் சென்றால் போதும், அந்தந்த ஊரின் மரமும் அந்தந்த ஊரின் கையும் மற்றதைச் செய்துவிடும். ரீட்வெல்ட் பெட்டிப் பலகையில் கண்ட கனவு எண்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவில் மீண்டது.

மற்றொன்று, உருக்கிய எஃகைத் துளித்துளியாக வைத்து அந்தரத்திலேயே கோடு இழுப்பது போல் கட்டும் யந்திரக் கை. அதைக் கொண்டு முதலில் ஓர் இருக்கையைச் செய்து பார்த்தார்கள். அந்த அனுபவத்தின் பயனாக, சுமார் 12 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலம் ஒன்று உருவாயிற்று. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய கால்வாய் ஒன்றின்மீது அது நிறுவப்பட்டது. அந்நாட்டு அரசி மாக்சிமா அதனைத் திறந்து வைத்தார். நடப்போரின் பாரத்தைப் பாலம் எவ்வாறு தாங்குகிறது என்பதை இடையறாது அளந்து கூறும் உணர்கருவிகளும் அதில் பொருத்தப்பட்டன. ஒருவர் அமரும் இருக்கையில் செய்த சோதனை, ஊரார் நடக்கும் பாலமாயிற்று. முன்மாதிரி என்ற சொல் இங்கே தன் முழுப் பொருளையும் பெறுகிறது.

எனினும், யந்திரம் வந்துவிட்டதனால் கைத்தொழில் ஒழிந்தது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. வார்த்தெடுத்த உலோகத்தை மெருகிடுவதற்கும், துண்டுகளைப் பொருத்தி இழைப்பதற்கும் தேர்ந்த கைகள் வேண்டும். கணிப்பொறி சொல்லும் விடை சரிதானா என்று பார்ப்பதற்கும் பழகிய கண் வேண்டும். கணக்கு கூறியதையே கணக்கின்றிக் கூறிய தச்சரை நான் தொடக்கத்தில் குறிப்பிட்டேன் அல்லவா? அத்தகையோர் நம் நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். அவர்களுடைய அறிவு எழுத்தில் ஏறாமலே மறைந்துவிடுமோ என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

அந்தத் தச்சர் என் தந்தையாரின் நாற்காலியைத் திருத்திக் கொடுத்தார். மூட்டில் புதிய மரத்துண்டு ஒன்றைச் சேர்த்தார். கனத்த கைப்பிடிகளை என் சம்மதம் பெற்று இழைத்துக் குறைத்தார். இழைக்கும்பொழுது என் மனம் சற்றே வருந்தியது உண்மை. தந்தையார் கை வைத்துத் தேய்த்த மரம் சீவலாய்ச் சுருண்டு தரையில் விழுந்தது. ஆனால் நாற்காலி இப்பொழுது உறுதியாக நிற்கிறது. தூக்குவதற்கும் இலேசாக இருக்கிறது.

ஊர் விட்டு ஊர் வந்த நாம், எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அன்றாடம் கணக்கிட்டே வாழ்கிறோம். மரத்தைப் போல் சேர்த்துக்கொண்டே போகவும் இயலாது. எல்லாவற்றையும் கழித்துவிட்டு நிற்கவும் இயலாது. பாரம் எங்கே விழுகிறதோ அங்கே வலிமையைச் சேர்ப்பதே எலும்பு அறிந்த வழி. அடுத்த மாற்றல் உத்தரவு வரும்பொழுது அந்த நாற்காலியும் என்னுடன் வரும். வீட்டாரும் இம்முறை மறுப்புக் கூறவில்லை.