கொப்புளம் எல்லாம் ஒன்றல்ல

பாவாடை நாடா இறுகும் இடுப்பு, மார்பின் கீழ் மடிப்பு, தொடையிடுக்கு என்று வியர்வை தங்கும் இடங்களில் படர்தாமரை வருவது கொழும்புப் புழுக்கத்தில் வாழும் நமக்குப் புதிதல்ல. வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிக்கும். அதே பங்கசு சிலருக்கு நீர்க் கொப்புளமாகவும் எழும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் மாமிக்கு அப்படித்தான் வந்தது. வயது எழுபதுக்கு மேல். கணுக்காலுக்கு மேலே கொப்புளங்கள், இரவில் தாங்க முடியாத அரிப்பு. "இது உடம்பே தன் தோலைத் தாக்குகிற வருத்தம்" என்று பார்த்தவர்கள் பயமுறுத்தினார்கள். அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பெம்பிகொயிட் என்றொரு நோய் உண்டு. பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள், மேற்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதங்களைத் தாக்க, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகும். பெம்பிகஸ் என்பது இன்னொன்று. அதில் பலருக்கு முதலில் வாயில்தான் புண் வரும். இவற்றுக்கு ஸ்டெரொயிட் முக்கியமான மருந்து. பங்கசுக்கோ அது மருந்தல்ல, விருந்து!

சிக்கல் இங்கேதான். வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் கேட்டு வாங்கிய கிறீமை மாமி ஏற்கெனவே பூசியிருந்தா. ஸ்டெரொயிட் கலந்த கிறீம் இரண்டு நாளில் சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும். சுகமாகிவிட்டது என்று நினைப்போம். தோலின் எதிர்ப்பு அடங்கியதும் பங்கசு தாராளமாகப் பரவும், வட்ட ஓரமும் மறைந்துபோகும். இப்படி வேடம் மாறிய படர்தாமரையை 1968இலேயே பிரித்தானிய வைத்தியர்கள் இருவர் தனிப் பெயரிட்டு எழுதினார்கள்.

தோல் நோய் நிபுணர் கொப்புளத்தின் மேல்தோலையும் ஓரத்தையும் மெதுவாகச் சுரண்டி எடுத்தார். கண்ணாடித் தட்டில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கிளைவிட்ட பங்கசு இழைகள் தெரிந்தன. தோலில் சிறு துண்டு வெட்டிப் பிறபொருளெதிரிக்கும் சோதித்தார்கள், அது இல்லை. ஸ்டெரொயிட் கிறீமை நிறுத்தி, பங்கசுக்கான குளிசையைச் சில வாரம் கொடுத்ததில் மாமி தேறினா. எளிமையான சோதனை, ஆனால் யாராவது நினைத்துச் செய்தால்தானே!

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசு மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். மாதிரியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் எடுக்கும்; பொறுமை வேண்டும். 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ஒரு பங்கசு இந்தியாவில் பெருகி வேறு நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. அதில் பல வகைகள் வழமையான டெர்பினபின் குளிசைக்கு அடங்குவதில்லை. பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டு உதவாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏற்கெனவே ஸ்டெரொயிட் குளிசை எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்து. வாயிலும் புண் வந்தாலோ, கொப்புளம் உடல் முழுதும் பரவினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். துவாய் ஆளுக்கொன்று இருக்கட்டும். பூசிய கிறீம்களின் வெற்றுக் குழாய்களை எறியாமல் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்; பெயர் நினைவில்லாவிட்டாலும் அவர் பார்த்துக்கொள்வார்.